புதுப்பிப்பு: தம்பியின் நழுவும் தோள், சிடி வந்துவிட்டது

கபடியில் தோள் நழுவிக்கொண்டே இருக்கும் தம்பிக்கு எம்ஆர்ஐ எடுத்த பிறகும் சிடி எதற்கு என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன் இல்லையா, மதுரையில் எடுத்தாகிவிட்டது. லேப்ரம் (தோள் குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்து வளையம்) கிழிசலுக்கு எம்ஆர்ஐ, குழியின் எலும்பு எவ்வளவு தேய்ந்து போயிருக்கிறது என்று அளக்க முப்பரிமாண சிடி. திரையில் கை எலும்பின் தலையை நீக்கிவிட்டுக் குழியை நேராகத் திருப்புகிறார்கள். அதன் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட வட்டம், அதனால் பொருந்தும் வட்டம் ஒன்றை வரைந்து, முன்பக்கம் குறைந்த அகலத்தை விட்டத்தால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். இவனுக்கு 28 மிமீ-இல் 5 போயிருக்கிறது, சுமார் 18%.

இதுதான் இடைஞ்சலான எண். 20-25% தாண்டினால் குழியின் முன்பக்கம் எலும்புத் துண்டு வைக்கும் லட்டார்ஜே அறுவை சிகிச்சை என்பது பழைய கணக்கு, ஆனால் 13.5%-க்கு மேலேயே கிழிந்த லேப்ரத்துக்கு வெறும் தையல் போட்டவர்களுக்குப் பலன் குறைந்ததாக 2015 ஆய்வு ஒன்று சொல்கிறது. போன பதிவில் கட்டு போட்டால் போதும் என்று சொன்ன அண்ணன்களே, போன எலும்பு கட்டில் வளராது.

அப்புறம், தோள் நழுவும்போது குழி விளிம்பில் இடித்துக் கை எலும்புத் தலையின் பின்புறம் விழுந்த பள்ளம்: குழி அகலத்தில் 83%, அதில் தேய்ந்த 5-ஐக் கழித்தால் சுமார் 18 மிமீ, இவன் பள்ளம் அதற்குள் அடங்குகிறது, அதாவது விளிம்பில் மாட்டாது. ஆனாலும் மோதி ஆடுகிறவன் என்பதால் டாக்டர் லட்டார்ஜே பக்கம்தான் சாய்கிறார். இவனோ சிராவயல் மஞ்சுவிரட்டு முடியட்டும் என்கிறான்!