பாலாற்று மணலில் பழகிய பங்கர் ஷாட்

கோல்ஃபில் எந்த ஷாட் உங்களை அதிகம் படுத்தியது, அதிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை, பங்கர் என்கிற மணல் குழிதான்.

நான் விரிஞ்சிபுரத்துக்காரன். ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் வேலை. சரக்கு பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னைக்கு விளையாட அழைத்துப் போய்ப் போய், இந்த விளையாட்டு என்னையும் பிடித்துக்கொண்டது. ஒருமுறை, கொடி நிற்கும் வழவழப்பான புல்தரையான கிரீனை ஒட்டிய மணல் குழியில் பந்து விழுந்தது. வெளியே எடுக்க ஆறு முறை அடிக்க வேண்டியிருந்தது. முதல் அடியில் பந்தின் நெற்றியில் பட்டு, அது கிரீனைத் தாண்டி எதிர்ப்பக்கக் குழிக்குள் போய் விழுந்தது. அங்கே அடித்தால் மணல் மட்டும் பறந்தது, பந்து அசையவில்லை. கூட வந்தவர்கள் பொறுமையாகத்தான் காத்திருந்தார்கள். எனக்குத்தான் முகம் சுட்டது.

அன்று பை தூக்கி வந்த வயதான கேடி ஆட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், நீங்க பந்தை அடிக்கிறீங்க. மணலை அடிங்க, பந்து தானா வரும்.”

இந்த ஒரு வரி புரிய எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மணலில் அடிப்பதற்கான கிளப்பான (மட்டையான) சேண்ட் வெட்ஜின் அடிப்பாகம் தடித்து, பின்பக்கம் கொஞ்சம் தொங்கினாற்போல இருக்கும். அதைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள். மண்வெட்டி மாதிரி உள்ளே இறங்காமல் மணலுக்குள் வழுக்கிப் போவதற்காக அப்படி இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரஸன் 1930களின் தொடக்கத்தில் தன் கிளப்பின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துச் செய்து பார்த்தது இதைத்தான். 1932 பிரிட்டிஷ் ஓபனை அவர் ஜெயித்தபோது அந்தக் கிளப் அவர் பையில் இருந்தது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் மணலுக்குள் நுழைந்தால், நடுவில் இருக்கும் மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது. கிளப் பந்தைத் தொடுவதே இல்லை.

சரி, எங்கே பழகுவது? எங்கள் ஊரில் மணலுக்கா பஞ்சம்! வீட்டிலிருந்து நடந்தால் பாலாறு. வருடத்தில் பாதிக்கு மேல் வறண்டுதான் கிடக்கும். சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுவேன். முதல் வாரங்களில் பந்தே கொண்டுபோகவில்லை. குச்சியால் நீளமாக ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டை மட்டும் கிளப்பால் அழித்துக்கொண்டே நகர்வது. கோட்டுக்குப் பின்னால் மணல் கிளம்பினால் தப்பு, முன்னால் கிளம்பினாலும் தப்பு. ஐம்பதில் நாற்பது சரியாக வந்த பிறகுதான் கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பந்து வைத்தேன்.

அங்கே பிடிபட்ட இன்னொரு தப்பு: பிடியைப் பிடித்துவிட்டு, அப்புறம் மணிக்கட்டைத் திருப்பி ஃபேஸை, அதாவது பந்தில் படும் கிளப்பின் முகத்தை, வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டிருந்தேன். அடிக்கும் நேரத்தில் அது பழையபடி மூடிக்கொள்ளும். முதலில் ஃபேஸைத் திறந்து வைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்க வேண்டும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அது வடிந்த பிறகு நான் போகும் இடத்தில் ஒருபக்கம் புதுமணல், ஒருபக்கம் காய்ந்த வண்டல். இறுகிய மண்ணில் ஃபேஸைத் திறந்து அடித்தால் கிளப் துள்ளி நேராகப் பந்தின் நடுவில் மோதும். அங்கே ஃபேஸைத் திறக்காமல் நேராக வைத்து அடிக்க வேண்டும். பந்து பாதி புதைந்திருந்தாலும் அப்படித்தான், வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளலாம். ஆற்றில் பழகியதால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது: அடிக்கும் முன் கிளப்பை மணலில் ஊன்றுவது. மைதானத்துப் பங்கரில் பந்துக்குப் பக்கத்தில் அப்படி ஊன்றினால் அடிக் கணக்கில் இரண்டு கூடும், அதுதான் தண்டம். அதை மறக்க தனியாகப் பாடுபட வேண்டியிருந்தது.

இன்றும் என்னைக் கெடுப்பது ஒன்றுதான். மணல் கனக்கும் என்ற பயத்தில் பாதியில் கை நின்றுவிடுகிறது. ஃபாலோ த்ரூ, அதாவது அடித்த பிறகும் தொடரும் வீச்சு, முழுசாகப் போன நாளெல்லாம் பந்து வெளியே வந்திருக்கிறது.

*

கம்மவான்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பார்கள், நானும் இருந்து ஓய்வு பெற்றவன். வெலிங்டனில் இருந்தபோது அங்குள்ள ஜிம்கானா மைதானத்தில்தான் கற்றுக்கொண்டேன். நீலகிரிச் சரிவில் சமதளத்தில் பந்து நிற்பதே அபூர்வம், அதனால் சரிவுதான் எனக்கு வாத்தியார். வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேட்டில் இருந்தால் இடப்பக்கம் போகும், பள்ளத்தில் இருந்தால் வலப்பக்கம் போகும். குறி வைக்கும்போதே அதற்கு இடம் விட்டுவிடுங்கள். இறக்கத்தில் நின்று அடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். தோளைச் சரிவோடு சாய்த்து, எடையை முன்காலில் வைத்து, அடித்த பிறகும் கிளப்பைச் சரிவோடு கீழே போகவிட வேண்டும். பந்தைத் தூக்கிவிட நினைத்தால் போச்சு. விரிஞ்சிபுரத் தம்பி பங்கரில் செய்த தப்பும் அதேதான் என்று நினைக்கிறேன்.

*

நான் காட்பாடி, இப்போது வேலை பெங்களூரில். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் கடைசி நாள்வரை பதக்கத்துக்குப் போராடி நான்காவதாக வந்தாரே, அந்த விடியற்காலையில் அம்மாவையும் எழுப்பி உட்கார வைத்துப் பார்த்தேன். தூரமாக அடிப்பவர்களுக்கு நடுவில் அவர் பட்டிங்கை, அதாவது கிரீனில் பந்தை உருட்டிக் குழிக்குள் போடுவதை, நம்பியே நின்றார். அடுத்த மாதமே பயிற்சிக்குச் சேர்ந்தேன்.

என் தொல்லை ஸ்லைஸ். பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்றேன், வளைவு அதிகமானதுதான் மிச்சம். கிளப் போகும் பாதைக்கும் ஃபேஸ் பார்க்கும் திசைக்கும் உள்ள இடைவெளிதான் வளைவு என்று பிறகு புரிந்தது. இடப்பக்கம் திரும்பத் திரும்ப நானே அந்த இடைவெளியைக் கூட்டியிருக்கிறேன். பந்துக்கு வெளிப்பக்கம், கொஞ்சம் பின்னால், ஒரு காலி தண்ணீர் பாட்டிலை வைத்து அது சாயாமல் அடிக்கப் பழகினேன். முதல் நாள் பாட்டில்தான் பறந்தது. இரண்டு வாரம் கழித்து 7 அயர்ன் என்ற கிளப்பில் பந்து நேராகப் போனது. தூரம் அடிக்கும் டிரைவர் கிளப் இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

விரிஞ்சிபுரம் அண்ணா, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் அந்தக் கோட்டை எனக்கும் கிழித்துக் காட்டுங்கள்.