தவக்காலத்தில் தாழ்ச்சி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அன்பான உறவுகளே, நான் மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறேன். புளியந்தீவில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் 16 வருடமாகப் பாடுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக்காலமான இந்தத் தவக்காலத்தில் இறைச்சியை விட்டேன், வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஒன்றையும் தவறவிடவில்லை. ஆனால் போன கிழமை தியானப் பாட்டைத் தொடங்கும் பொறுப்பை வயதில் இளைய தங்கச்சி ஒருத்திக்குக் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் அவளுடைய சுருதியைப் பற்றி எல்லார் முன்னாலும் குத்திக் கதைத்துவிட்டேன். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்வரை நான் சொன்னது சரி என்றே மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்தேன். இரவு செபிக்க உட்கார்ந்தபோது அவள் முகம்தான் முன்னுக்கு வந்தது.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனில் வாசிக்கும் மத்தேயு 6ஆம் அதிகாரம் தர்மம், செபம், நோன்பு மூன்றையும் மறைவாகச் செய்யச் சொல்கிறது. என் நோன்பை நான் வெளியில் சொல்லவில்லை, உண்மை. ஆனால் உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

புனித பெனடிக்டின் ஒழுங்கு என்ற நூலில் 7ஆம் அதிகாரம் தாழ்ச்சிக்கு 12 படிகள் சொல்கிறது. அது துறவிகளுக்கு எழுதியது. வீடு, வேலை, பிள்ளைகள் என்று ஓடுகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது? அடுத்தவரைப் பாராட்டும்போது நெஞ்சு இறுகாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?

அப்புறம், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு முன் அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லார் முன்னாலும் கேட்பதா, தனியாகவா? முன்னால் கேட்டால் அதுவும் என்னைக் காட்டிக்கொள்வதாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்படி ஒரு நிலையில் இருந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.