7 மாதக் குழந்தைக்கு முட்டை: எப்படித் தொடங்கினீர்கள்?

பெரம்பூரில் இருக்கிறோம். மகளுக்கு 7 மாதம், எடை கொஞ்சம் குறைவு. கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம் சாப்பிடுகிறாள். முட்டை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். ஒரு வயது ஆகட்டும், மாந்தம் வந்துவிடும் என்று அத்தை பயப்படுகிறார். பேத்தி மேல் உள்ள பாசம்தான், புரிகிறது.

2017இல் வெளிவந்த ஈக்வடார் ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்ததில் உயர வளர்ச்சி நன்றாகக் கூடியது. மலாவியில் அதுபோலச் செய்தபோது அவ்வளவு வித்தியாசம் இல்லை. அதனால் முட்டை மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தள்ளிப்போட மனமில்லை.

நன்கு வேகவைத்துத் தாய்ப்பாலில் மசித்துத் தரலாம் என்றிருக்கிறேன். வெள்ளைக்கருவையும் சேர்த்தே தொடங்கினீர்களா? முதல் நாள் எவ்வளவு? தடிப்பு, வாந்தி வந்ததா? அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேசினீர்கள்? சொல்லுங்கள், ப்ளீஸ்.