மறு: அமுக்கியில் டேண்டம் பிளேடு – தமிழில் என்ன?

வணக்கம். ஜெட் எஞ்சின் பாடம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அச்சுவழி அமுக்கியில் (காற்றை அச்சின் திசையிலேயே தள்ளி அழுத்தும் கம்ப்ரசர்) ஒரே அலகுக்கு (பிளேடு) பதிலாக முன்னொன்று பின்னொன்றாக இரண்டை வைப்பார்களே, அந்த டேண்டம் பிளேடுக்கு ‘இணை அலகு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– மொழிபெயர்ப்பாளர்

‘இணை’ கூடவே கூடாது. மின்சுற்றில் இணை என்றால் பக்கம்பக்கமாக என்று படித்துவிட்டுத்தான் மாணவன் வருகிறான். ‘தொடரலகு’ என்று வையுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் ஆகும்.
– பொறியாளர், கோவை

தம்பி, தொடர் என்றால் மூன்று, நான்கு என்று நீண்டுகொண்டே போகும். டேண்டம் என்பது ‘கடைசியில், ஒருவழியாக’ என்று பொருள்படும் லத்தீன் சொல். அதை ‘நீளவாக்கில்’ என்று சிலேடையாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரை பூட்டிய வண்டிக்கு வைத்தார்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுக்குக் குதிரை, நமக்கு முன்னேர் பின்னேர். ஆகவே ‘ஏரலகு’. ஏருக்கு அழகு என்றும் பொருள் உண்டு. அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

ஐயா, முன்னேர் போன தடத்திலேயே பின்னேர் போகும். பின்னலகு அப்படிப் போனால் முன்னலகு விட்டுச்செல்லும் வேகம் குன்றிய காற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பின்னலகின் முன்விளிம்பைப் பக்கவாட்டில் நகர்த்தி, முன்னலகின் அழுத்தப் பக்கத்தை, அதாவது காற்றழுத்தம் கூடிய பக்கத்தை, ஒட்டி வைக்கிறார்கள். நடுவிலுள்ள இடுக்கு போகப்போகக் குறுகுவதால் காற்று அதில் வேகமெடுக்கிறது. பின்னலகில் எல்லைப்படலம், அதாவது பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் காற்றடுக்கு, புதிதாகத் தொடங்குகிறது. காற்றை அதே அளவு திருப்பும்படி ஒற்றை அலகிடம் கேட்டால் அழுத்தம் குறைந்த உறிஞ்சு பக்கத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். உயிரே இடுக்கில்தான் இருக்கிறது. ‘இடுக்கலகு’?
– பொறியாளர், கோவை

பல் பிடுங்கும் கருவி மாதிரி இருக்கிறது. பேசாமல் ‘இரட்டை அலகு’ என்றே வைக்கலாம்.
– கல்லூரி ஆசிரியை, திருச்சி

இரட்டைக்கிளவியா, அடுக்குத்தொடரா? பிரித்தால் பொருள் தருமா, தராதா?
– மதுரை

பிரித்தாலும் தனித்தனி அலகுதான் ஐயா. ஆனால் இரண்டும் சேர்ந்து செய்யும் வேலையை ஒன்று செய்யாது. உங்கள் இலக்கணத்தில் அதற்கு இடமிருந்தால் சொல்லுங்கள்.
– கோவை

திருச்சி ‘இரட்டை அலகு’ என்கிறார், கோவையும் மறுக்கவில்லை. அதையே அனுப்புகிறேன், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘முன்பின்னாக அமைந்த’ என்று சேர்த்து.
– மொழிபெயர்ப்பாளர்

என் மறுப்பு பதிவாகட்டும்: ஏரலகு.
– மதுரை

பிந்தி வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ‘விசையின் அலகு நியூட்டன்’ என்று அதே பக்கத்தில் இருக்கிறதே. பிளேடுக்கு முதலில் ‘இதழ்’ என்று மாற்றிவிட்டால் என்ன?
– யாழ்ப்பாணத்திலிருந்து