மாமனாரோடு ஜார்ஜ் டவுன் நடை: எங்கே ஆரம்பிக்கலாம்?

கோவைக்காரன்:
அடுத்த மாதம் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டிவலி வேறு. ஆனால் பழைய கல் எதையாவது பார்த்துவிட்டால் மனிதர் நகரமாட்டார். கோட்டை, ஐகோர்ட், பவளக்காரத் தெரு, மிண்ட் தெரு, பட்டணம் கோயில்னு லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறார். ஒரே காலையில் நடந்து முடியுமா? ஞாயிறு வரலாமா, வாரநாளா?

லிங்கிச்செட்டி கணக்கப்பிள்ளை:
முடியாது சார். அப்படியே முடித்தாலும் ஹார்ன் சத்தம்தான் மனசில் நிற்கும். லிங்கிச் செட்டித் தெருவில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், ஆர்மேனியன் தெரு, தம்பு செட்டித் தெரு, இந்த இரண்டு போதும்.

வாரநாள் காலையில் ஐகோர்ட் மெட்ரோவில் இறங்குங்கள். ரோட்டைக் கடக்கும் முன் ஐகோர்ட்டின் பெரிய கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டியது அதுதான். அதற்கு முந்தைய கலங்கரை விளக்கமும், 1844-ல் எழுப்பிய கல்தூண், அதே வளாகத்தில்தான். உள்ளே போக ஏகப்பட்ட கெடுபிடி. அதில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

ஆர்மேனியன் தெருவை அரண்மனைக்காரன் தெரு என்று கேட்டாலும் காட்டுவார்கள். 1772-ல் கட்டிய ஆர்மேனிய சர்ச்சுக்குள் நுழைந்துவிட்டால் தெருச் சத்தம் பாதி அடங்கிவிடும். தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். மணிக்கூண்டு சர்ச்சோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், உள்ளே ஆறு மணிகள். ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாரின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். 1794-ல் இதே மெட்ராஸில் ‘அஸ்தரார்’ பத்திரிகையைத் தொடங்கியவர். உலகத்திலேயே முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை அது! மாமனாரை அங்கே அரைமணி விட்டுவிடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

பிறகு தம்பு செட்டித் தெரு காளிகாம்பாள். நடை சாத்துவதற்குள் போய்விடவேண்டும். 1677 அக்டோபரில் சிவாஜி வந்து கும்பிட்டார் என்று கோயிலில் சொல்வார்கள். பவளக்காரத் தெருவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சௌகார்பேட்டை மருமகள்:
ஐயா சொன்ன வழி சரி, கிழமைதான் எனக்கு ஒத்துவரவில்லை. வாரநாளில் மீன்பாடி வண்டிக்கும் மூட்டைக்கும் ஒதுங்கவே நேரம் சரியாகிவிடும், முட்டிவலிக்காரர் எப்படி நடப்பார்? ஞாயிறு ஷட்டர் இறங்கியிருக்கும், நடுத்தெருவில் நின்றே மாடி ஜன்னல்களைப் பார்க்கலாம். மிண்ட் தெருவை மட்டும் சாயங்காலத்துக்கு வையுங்கள், அது சாப்பிடுகிற தெரு.

லிங்கிச்செட்டி கணக்கப்பிள்ளை:
முட்டிவலியை நான் யோசிக்கவில்லை அம்மா, ஞாயிறே இருக்கட்டும். ஆனால் மூட்டை தூக்குகிறவர்கள் இல்லாத ஜார்ஜ் டவுன் எனக்கு ஊராகவே தெரியாது.

கோவைக்காரன்:
இருவருக்கும் நன்றி. பாத்ரூம் வசதி? அதுதான் மாமியாரின் முதல் கேள்வி.

சௌகார்பேட்டை மருமகள்:
மெட்ரோ ஸ்டேஷனிலேயே போய்விட்டு மேலே ஏறச் சொல்லுங்கள். தெருவுக்கு வந்தபின் நல்லதாக ஒன்று கிடைப்பது கஷ்டம்.