மறுமொழி: பெரிய யூசர் ஸ்டோரியைச் சிறிதாக்குவதற்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். மென்பொருளைச் சிறுசிறு கட்டங்களாகச் செய்து காட்டும் அஜைல் முறையில், பயனரின் ஒரு தேவையைச் சுருக்கமாக எழுதுவதுதான் யூசர் ஸ்டோரி. பெரிய ஸ்டோரியைச் சின்னச் சின்ன ஸ்டோரிகளாக்கும் ‘ஸ்பிளிட்டிங்’குக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் பேச்சு.

> ‘பிளப்பு’ என்று வைக்கலாமா? பகுப்பு, பிரிப்பு எல்லாம் ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகின்றன.

பகுப்பு வேண்டாம், சரி. பகுப்பாய்வோடு குழம்பும். ஆனால் பிளப்பு என்பது வேலூர்ப் பக்கத்துக் காதில் நேர் எதிராக விழும். ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) ஸ்பிளிட்டிங் மெஷினில் தோலை விட்டால் அது கனவாக்கில், அதாவது தடிமனில், இரண்டு அடுக்காகப் பிரியும்: மேலடுக்கு கிரெய்ன், அடியடுக்கு ஸ்பிளிட். அதாவது பிளப்பது என்றால் அடுக்கை உரிப்பது. ஷூ கம்பெனியின் கட்டிங் செக்ஷனில் நடப்பது வேறு. அங்கே அச்சை வைத்து அழுத்தினால் மேல்புறமும் அடிப்புறமும் சேர்ந்த துண்டு கைக்கு வரும். நமக்கு வேண்டியது அந்த வேலை.

புதிதாக வரும் டீம்கள் சறுக்கும் இடமும் இதுதான். வேலூரில் சிஎம்சி மருத்துவமனை இருக்கும் இடா ஸ்கடர் சாலைப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்கு டோக்கன் முன்பதிவு மென்பொருள் செய்து தருவதாக வைத்துக்கொள்வோம். ‘இந்த ஸ்பிரின்ட்டில் (சில வார வேலைச் சுற்றில்) டேட்டாபேஸ், அடுத்ததில் ஸ்கிரீன், அதற்கடுத்து எஸ்எம்எஸ்’ என்று பிரித்தால், முதல் ஸ்பிரின்ட் முடிவில் ரிசப்ஷனில் இருக்கும் அம்மாவிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதையே இப்படிப் பாருங்கள்: ஒரே டாக்டர், நாளைய டோக்கன் மட்டும், தமிழில், பணம் கவுன்டரில். சின்ன வேலைதான், ஆனால் அதில் ஸ்கிரீனும் உண்டு, டேட்டாபேஸும் உண்டு. மறுநாளே ஒரு நோயாளி பயன்படுத்தலாம். அப்புறம் ரத்து செய்யும் வசதி, ஆன்லைன் கட்டணம் என்று சேர்த்துக்கொண்டு போகலாம். வங்காள மொழி ஸ்கிரீனைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக அந்தச் சாலையில் லாட்ஜ் பெயர்ப்பலகைகளையே வங்காளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

2003இல் அஜைல் பயிற்சியாளர் பில் வேக் நல்ல ஸ்டோரிக்குச் சொன்ன ஆறு இலக்கணங்களில் ‘சிறிதாக இருக்க வேண்டும்’ என்பது ஒன்றுதான். பயனருக்கு மதிப்புள்ளதாக இருக்க வேண்டும், சோதித்துப் பார்க்க முடிய வேண்டும் என்பவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. டேட்டாபேஸ் அடுக்கு மட்டும் தனியாக எந்த நோயாளிக்கும் மதிப்புள்ளதில்லை. ஆக, சொல் சிறுமையை மட்டும் காட்டினால் போதாது, வெட்டும் திசையையும் காட்ட வேண்டும்.

என் பரிந்துரை: நறுக்கு.

வினையாகவும் பெயராகவும் நிற்கும். ‘இந்தத் தேவையை நறுக்குங்கள்’, ‘முதல் நறுக்கு வெள்ளிக்கிழமை தயார்’. துண்டுதுண்டாக வெட்டுவது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. யாரும் எதையும் கனவாக்கில் நறுக்குவதில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. 1990களின் இறுதியில் கென்ட் பெக் குழுவினர் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்னும் மென்பொருள் முறையில் ஸ்டோரிகளைச் சின்ன அட்டைகளில்தான் எழுதினார்கள். தமிழில் எழுதுவதற்கு அளவாக வெட்டிய ஓலைக்கு ஓலைநறுக்கு என்றே பெயர்.

> நறுக்கு என்றால் அடுப்படி வாசம் அடிக்காதா?

அடிக்கட்டுமே ஐயா. தினமும் நின்றபடி நடத்தும் ஸ்டாண்டப் மீட்டிங்கில் வாய்க்கு வராத சொல் அகராதியில்தான் தூங்கும். ‘தேவைக்கூறாக்கம்’ என்று வேறொரு மடலில் பார்த்தேன். அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். போதாததற்கு, கூறு என்பதை காம்பொனென்ட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது.

பல ஸ்டோரிகளாகப் பிரிக்க வேண்டிய பெரிய ஸ்டோரியான எபிக்குக்குக் ‘காப்பியம்’ என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயர் அளவைக் குறித்து வந்தது, காவிய லட்சணத்தைக் குறித்து அல்ல. ‘பெருந்தேவை’ போதும். அதை நறுக்கினால் தேவை நறுக்குகள், அவற்றுக்குள் டெவலப்பர்கள் பிரித்துக்கொள்ளும் டாஸ்க்குக்குப் ‘பணி’. பணியை மட்டும் அடுக்குவாரியாகப் பிரித்தாலும் குற்றமில்லை, அது டீமின் உள்விவகாரம்.

ஸ்பைக்குக்கு (தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள மட்டும் செய்து பார்க்கும் சின்ன வேலைக்கு) இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. ‘முன்னாய்வு’ என்பது ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி இருக்கிறது. ‘துழாவல்’ எப்படி?

அன்புடன்,
காட்பாடியிலிருந்து