மறு: குவாரண்டைன் தொட்டி – ‘காப்புத் தொட்டி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். புதிதாக வாங்கிய மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் சில நாள் தனியே வைத்துப் பார்க்கும் ‘குவாரண்டைன்’ தொட்டிக்குத் தமிழ்ச் சொல் தேடி நான்கு நாளாக ஓடும் இழையில் தாமதமாக வந்து சேர்கிறேன். சொல்லுக்குப் போகும் முன் தொட்டிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை வந்த பரிந்துரைகளில் பாதி மனிதர்களை மனதில் வைத்து எழுதியவை. நமக்கு வேண்டியது மீனுக்கு.

போன வருடம் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு இரண்டு கோமாளி மீன் வாங்கினேன். (கடையில் ‘நீமோ ஜோடி’ என்று கேட்டால்தான் புரியும்.) “நல்ல பீஸ் சார், நேரா விட்டுடலாம்” என்றார் கடைக்காரர். நேராக விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் துடுப்பில் ரவையைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. மீன் ஓயாமல் பாறையில் உடம்பைத் தேய்த்தது. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. தானாகவே சரியாகிவிட்டது என்று மகிழ்ந்து அன்றைக்குத் தீனியைக் கொஞ்சம் கூடவே போட்டேன். அடுத்த வாரம் உடம்பு முழுக்கப் பொரிந்துவிட்டது. செவுள் படபடவென்று அடித்துக்கொள்ள, இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே தொங்கின.

பிறகுதான் படித்தேன். கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற குறுஇழை உயிரியின் (கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் ஒட்டுண்ணி) வேலை அது. மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும். அப்புறம் தானே கழன்று விழுந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டி, மேலே ஓர் உறையைக் கட்டிக்கொள்ளும். மீன் குணமாகிவிட்டதாக நான் நினைத்தது இந்தக் கட்டத்தில்தான். உறைக்குள் அது நூற்றுக்கணக்கில் பிளந்து, சில நாளிலோ சில வாரத்திலோ நீந்தும் குஞ்சுகளாக வெடித்து வெளியே வரும். அவற்றுக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் செத்துப்போகும். செப்பு மருந்து இந்த நீந்தும் கட்டத்தைத்தான் கொல்லும். தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற அளவு இறங்காமல் இரண்டு மூன்று வாரம் பிடித்து வைக்கச் சொல்கிறார்கள்.

நான் அவசரத்தில் செப்பைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றினேன். சங்குக்குள் குடியிருந்த நண்டுகள் அத்தனையும் இரண்டு நாளில் போயின. பவளமணலும் பாறையும் செப்பை உறிஞ்சிக்கொண்டதால் அளவும் நிற்கவில்லை. கடைசியில் மீனும் இல்லை, நண்டும் இல்லை.

இப்போது கூடத்து மூலையில் 40 லிட்டரில் தனியாக ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். அடியில் மணல் கிடையாது, பாறை கிடையாது. ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, அவ்வளவுதான். எந்தப் புது மீனும் முதலில் அங்கேதான் போகும். பெயர் தேடுவது இந்தத் தொட்டிக்குத்தான்.

> தனிமைத் தொட்டி. 2020-க்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், அதுவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கொரோனா காலத்தில் நோய் வந்தவரைப் பிரித்து வைத்ததற்கும், வருமோ என்று வெளியூரிலிருந்து வந்தவரை வீட்டில் உட்கார வைத்ததற்கும் ஒரே ‘தனிமைப்படுத்தல்’தான். மீன் வளர்ப்பில் இவை இரண்டு தொட்டிகள், இரண்டு வேலைகள். மேலும் இங்கே தனிமையே கிடையாது. ஜோடியாக வாங்கிய கோமாளி ஜோடியாகத்தான் இருக்கும், கூட்டமாக வாழும் மீனைக் கூட்டமாகத்தான் விடுவோம். முக்கியமானது நாள் கணக்கு.

> மண்டலத் தொட்டி. குவாரண்டைன் என்பதே இத்தாலிய மொழியில் நாற்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் வைத்தியத்தில் ஒரு மண்டலம் 48 நாள்.

லாஸ்பேட்டை நண்பரின் இந்தப் பரிந்துரையைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ரகுசா துறைமுகம் (இன்றைய குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்) 1377-இல் கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வந்த கப்பல்காரர்களை முதலில் 30 நாள்தான் நிறுத்தி வைத்தது, 40 பின்னால் வந்தது. நாளைக் கொண்டு பெயர் வைத்த அந்தப் புத்தி நமக்கும் இருந்திருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “எந்த மண்டலம்? முனிசிபாலிட்டி தண்ணி டேங்க்கா?” என்றார் மனைவி. சரி, அது போயிற்று.

என் பரிந்துரை காப்புத் தொட்டி. ஆடியில் நம் பக்கம் செடல் திருவிழாவுக்குக் காப்பு கட்டினால், கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். காப்பு அவிழ்க்கும் வரைக்கும் ஒரு கணக்கு, ஒரு கட்டுப்பாடு. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாளை உள்ளே விடாததும் அதே மாரியம்மன் கணக்குதான். (வேப்பிலைத் தொட்டி என்றே வைக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். யாராவது நிஜமாகவே வேப்பிலையைத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள் ஐயா.)

ஒரு கலைச்சொல் பெயராக மட்டும் நின்றால் அகராதியில் தூங்கும், வினையாக ஓடினால்தான் பிழைக்கும் என்பது என் எண்ணம். ‘மீனைத் தொற்றொதுக்கத்திற்கு உட்படுத்தினேன்’ என்று எந்தக் கடைக்காரரும் சொல்லப்போவதில்லை. ‘காப்பில் வெச்சிருக்கேன்’, ‘இன்னும் காப்பு அவிழ்க்கலை’, ‘காப்பு முடிஞ்ச மீனா?’ இவற்றைச் சொல்லிப் பாருங்கள். காப்புரிமை, பாதுகாப்பு என்று ‘காப்பு’ ஏற்கெனவே நிறைய இடத்தில் இருக்கிறதே என்ற எதிர்ப்பு வரும். தொட்டி, காலம் என்று அடுத்த சொல் சேர்ந்தவுடன் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. நோய் கண்ட மீனுக்கான மற்றத் தொட்டி மருத்துவத் தொட்டி, அதில் சண்டை இல்லை.

அடுத்து, மீன்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பெரிய தொட்டியைச் சும்மா விடும் காலம். உறையிலிருந்து வருவது இரையில்லாமல் சாகட்டும் என்று, வளர்ப்போர் பலர் 72 முதல் 76 நாள் வரை விடுகிறார்கள். இதற்கு ‘மீனற்ற இடைவெளி’ என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். எதற்கு? ‘தரிசு’ இருக்கிறதே. தொட்டியைத் தரிசு போட்டிருக்கிறேன் என்றால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

அந்த ஒட்டுண்ணியின் மூன்று பருவப் பெயர்களுக்கு, அதாவது ட்ரோபான்ட் (தோலுக்கு அடியில் தின்பது), டோமான்ட் (உறைக்குள் பிளப்பது), தெரான்ட் (நீந்தி மீனைத் தேடுவது) என்பவற்றுக்கு, முறையே உண்பருவம், உறைபருவம், வேட்டைப்பருவம் என்று வைக்கலாம். முதலும் கடைசியும் கிரேக்க மூலத்துக்கும் பொருந்துகின்றன. நடுவிலிருப்பதன் மூலச்சொல் ‘வெட்டு’ என்ற பொருளில் வருகிறது. நான் வேண்டுமென்றே விட்டேன். உறை என்றால் கூடும் ஆகும், தங்குவதும் ஆகும், இரண்டையும் அது செய்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, விழுந்த உறைகளைப் பின்னால் விட்டுவிட்டுப் போகும் வழிக்குத் ‘தொட்டி மாற்று முறை’ போதும்.

நோயின் பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். ‘வெண்புள்ளி நோய்’ என்று எழுதினால் பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் பண்ணைக்காரர் பதறிவிடுவார். அவருக்கு அது குளத்தையே சில நாளில் காலி செய்யும் வைரஸ். தோல் மருத்துவரிடம் போனால் அதே சொல் வேறொன்று. மூன்றாவது ஆளாக நாமும் அதில் ஏற வேண்டாம். ‘ரவைப்புள்ளி’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். சமையலறை வாடை அடிக்கிறது என்பார்கள், அடிக்கட்டும். ஆனால் வெல்வெட் என்ற இன்னொரு மீன் நோயின் புள்ளி இன்னும் பொடியாக, மாவு தூவியது போல இருக்கும். அதற்கு ‘மாவுப்புள்ளி’ என்றால் இரண்டையும் பெயரிலேயே பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை செய்வோர் இந்தக் குழுவில் இருந்தால் ஒரு கேள்வி. நீலாங்கரையில் இறக்குமதித் தாய் இறாலை நிறுத்தி வைக்கும் நிலையத்தை உங்கள் ஆட்கள் பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள்? ‘குவாரண்டைன்’ தவிர வேறு ஏதாவது சொல் காதில் விழுந்திருந்தால் எழுதுங்கள். என் தொட்டியில் இப்போது இருக்கும் ஜோடிக்குக் காப்பு அவிழ்க்க இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் முடிவானால் தொட்டியில் ஒட்டிய சீட்டை மாற்றிவிடுவேன்.